தண்டையார்பேட்டைக் கிணற்றுக்கு ஊற்றிய கூழ்

ஜேசிபி வாளியில் முதலில் வந்தது ஒற்றை ரப்பர் செருப்பு. அடுத்த வாளியில் உடைந்த சோடா பாட்டில், ஓட்டுத் துண்டுகள், கூடவே கருப்பாக ஒரு சேறு. தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவில் ஐந்தடி தோண்டினால் மணல்தான் வர வேண்டும். வீட்டுத் தூண்களுக்காகத் தோண்டிய மற்ற எட்டுக் குழிகளிலும் அதுதான் வந்தது. கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி உதிர்கிற மணல். ஒன்பதாவது குழியில் மட்டும் சாக்கடை வாடை. ஜேசிபிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, வேலையை நடத்தும் இன்ஜினியரான என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மேஸ்திரி வீட்டுக்காரரைப் பார்த்தார். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் அம்மா மட்டும் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அங்க கிணறு இருந்துச்சுப்பா. எங்க மாமியார் இருக்கும்போதே மூடியாச்சு."

மண் பரிசோதனைக்குக் காசு கட்டி இரண்டு இடத்தில் துளை போட்டிருந்தோம். அறிக்கை அழகாக இருந்தது: 5 அடி ஆழத்தில் மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 12 டன். தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு அது தாராளம். ஆனால் 4 அடி விட்டமுள்ள கிணறு இரண்டு துளைகளுக்கும் நடுவில் சொகுசாக ஒளிந்துகொள்ளும். பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும். அன்றிலிருந்து வடசென்னையில் எந்தப் பழைய மனைக்குப் போனாலும், நிலப் பத்திரத்துக்கு முன்னால் அந்த வீட்டின் மூத்தவரிடம்தான் உட்காருகிறேன். கிணறு எங்கே இருந்தது, கக்கூஸ் எங்கே இருந்தது, மாடு எங்கே கட்டினீர்கள், இந்த மூன்று கேள்வி. இந்தப் பக்கத்தில் கிணறு இல்லாத பழைய வீடு அபூர்வம். ஜார்ஜ் கோட்டைக்கே ஏழுகிணற்றிலிருந்துதான் தண்ணீர் போனது. பிற்பாடு மெட்ரோ வாட்டர் வந்தது, பல கிணறுகளில் தண்ணீரும் உப்புக் கரிக்க ஆரம்பித்தது. கையில் கிடைத்த குப்பையைப் போட்டு, மேலே ஒரு அடி சிமென்ட் பூசி மறந்துவிட்டார்கள்.

இது நடந்தது 2022 ஆடி மாதம். பின் வரிசையின் நடுத்தூண் அது. ஃபுட்டிங் என்பது தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம். அந்த ஐந்தடிக்கு ஐந்தடி ஃபுட்டிங்கின் ஒரு பாதி நல்ல மணலில், மறுபாதி கிணற்றின் மேல். அடித்தளத்துக்கு இதைவிட மோசமான இருக்கை கிடையாது. முழுதும் மோசமான மண்ணில் உட்கார்ந்தால் மொத்தமாகக் கொஞ்சம் இறங்கும், பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் சேற்றிலும் நின்றால் தூண் சாயும், பீம் முறுக்கும், சுவரில் மூலைக்கு மூலை விரிசல் ஓடும்.

அன்று மாலைக்குள் ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது. மேஸ்திரி சொன்னது, குப்பையை அள்ளிவிட்டு மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டால் தானாக இறுகிவிடும் என்று. மணலை அரையடி அரையடியாகப் போட்டு இடித்தால்தான் அது இறுகும். கிணற்றுக்குள் யார் இறங்கி இடிப்பது? இயந்திரம் வைத்து இடிக்கலாம் என்றால், பின்பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் குழி விளிம்புக்கும் ஒன்றரை அடிதான் இடைவெளி. அந்தச் சுவருக்கு அடியில் என்ன அஸ்திவாரம் இருக்கிறது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. தூணை நகர்த்தலாமா என்றால் மேலே படிக்கட்டு அங்கேதான். வீட்டுக்காரரின் மைத்துனர் பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண், போடச் சொன்னார். ஒரே ஒரு பைலுக்காகத் துளை போடும் ரிக்கை அந்தச் சந்துக்குள் கொண்டுவருவது கல்யாணத்துக்கு யானை பிடித்த கதை.

எனக்கு ஃப்ளோவபிள் ஃபில் ஞாபகம் வந்தது. மணலியில் ஒரு குழாய் வேலையில் உதவி இன்ஜினியராக இருந்தபோது, பள்ளத்தை மூடுவதற்கு அதை ஊற்றிப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் சிமென்ட், நிறைய மணல், அனல்மின் நிலையச் சாம்பல், தாராளமாகத் தண்ணீர். இடிக்க வேண்டாம், வைப்ரேட்டர் வேண்டாம். ஊற்றினால் தானே ஓடி மூலை முடுக்கெல்லாம் நிறைந்து, தானே மட்டமாகி, ஒன்றிரண்டு நாளில் கெட்டியாகிவிடும். அமெரிக்காவில் 1964ல் டெக்சாஸில் ஒரு பெரிய குடிநீர்க் குழாய்த் திட்டத்தில் குழாய்க்கு மெத்தை போலப் போட ஆரம்பித்தது. 1970களில் ரெடிமிக்ஸ் கம்பெனிகள் கைக்குப் போனது. அங்கே இதற்கென்றே குழு வைத்து, 28 நாளில் 8.3 எம்.பி.ஏ. (மெகா பாஸ்கல், வலுவை அளக்கும் அலகு) வரை வலு உள்ளதுதான் இந்த வகை, அதற்கு மேலே போனால் கான்கிரீட் என்று வரையறுத்திருக்கிறார்கள். பின்னால் தோண்ட வேண்டிய இடமென்றால் 2 எம்.பி.ஏ. அளவைத் தாண்ட விடமாட்டார்கள். மண்வெட்டியால் வெட்டியெடுக்க வேண்டுமென்றால் இன்னும் குறைவு.

கேட்டால் பலவீனமான சரக்கு மாதிரி தெரியும். வீட்டுக்குப் போடும் சாதாரண எம் 20 கான்கிரீட்டே 20 எம்.பி.ஏ. ஆயிற்றே, இது வெறும் 2 தானே என்று வீட்டுக்காரர் முகம் சுருக்கினார். அவருக்குச் சொன்ன கணக்கையே இங்கேயும் சொல்கிறேன். அந்தத் தூணில் வரும் பாரம் 25 டன். ஃபுட்டிங் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், அதாவது 2.25 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 11 டன் அழுத்தம். ஒரு எம்.பி.ஏ. என்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 டன். ஆக, 2 எம்.பி.ஏ. கூழ்கூடத் தன்மேல் வரும் அழுத்தத்தைப் போலப் பதினெட்டு மடங்கு தாங்கும். நன்றாக இடித்த மண்ணுக்குச் சமமாக இருக்க அரை எம்.பி.ஏ.வே போதும். ஃபுட்டிங்குக்கு அடியில் நாம் வைப்பது ஒரு மண்; மண்ணுக்கு மண்ணின் வேலைதான்.

இந்தக் கணக்கோடு, கட்டடத்தின் பாரமும் வலுவும் கணக்கிட்டுத் தரும் ஸ்ட்ரக்சுரல் மேடத்திடம் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை டீயைக் குடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

சேறு இருக்கிறது மேடம் என்றேன்.

"அப்ப நீங்க சேத்து மேல ஒரு நல்ல கல்லை வைக்கப் போறீங்க, அவ்வளவுதான்."

இந்த வேலையில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஊற்றுகிற பொருளின் வலுவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். பாரம் அதைத் தாண்டிக் கீழே போய்த்தான் ஆக வேண்டும். ஃப்ளோவபிள் ஃபில் பாரத்தைச் சாப்பிட்டுவிடாது, கீழே இருக்கிறவரிடம் கைமாற்றிவிடும். கொஞ்சம் அகலமாகப் பரப்பியும் கொடுக்கும், அதற்கு நாம் இடம் கொடுத்தால். இரண்டு பங்கு கீழே போனால் ஒரு பங்கு பக்கவாட்டில் விரியும் என்பது நாங்கள் போடும் தோராயக் கணக்கு. இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் அகலம் கூடும். குழியை ஃபுட்டிங் அளவுக்கே வெட்டி நிரப்பினால் விரிவதற்கு வழியில்லை, அதே 11 டன் அப்படியே அடியில் போய் உட்காரும். அதனால் மேடம் குழியை இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் ஆக்கினார், ஃபுட்டிங் அடிக்குக் கீழே இன்னும் 70 சென்டிமீட்டர் வெட்டச் சொன்னார். ஃபுட்டிங்கிலிருந்து 70 சென்டிமீட்டர் இறங்குவதற்குள் பாரம் 2.2 மீட்டர் சதுரமாக விரிந்து, 11 டன் 5 டன்னாகச் சுருங்கிவிடும். கூழின் எடை கன மீட்டருக்கு 2 டன், வெட்டியெடுத்த மணலைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்த உபரியையும் சேர்த்தால்கூட 12 டன் தாங்கும் மணலுக்கு இது தூசு. கிணறு மட்டும்தான் பாக்கி. அதை அடிவரை சுத்தம் செய்தாக வேண்டும் என்றார்.

கிணற்றைச் சுத்தம் செய்தது இரண்டு நாள் கதை. மேஸ்திரியிடம் ஒரு பையன் இருந்தான், ஒல்லியான உடம்பு. இடுப்பில் கயிறு கட்டி இறங்கிவிடுகிறேன் சார் என்று லுங்கியை மடித்துக்கட்டி நின்றான். பல வருடக் குப்பை அழுகிக் கிடக்கும் கிணற்றுக்குள் என்ன வாயு தங்கியிருக்கும் என்று மேலே நிற்கிற எவருக்கும் தெரியாது. முதலில் இறங்கியவரைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் மேலே வராத செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலிருந்த கிணற்று உறைகளை மட்டும் உடைத்துவிட்டு, ஜேசிபியின் கை எட்டும்வரை, தரையிலிருந்து 11 அடிவரை அள்ளினோம். அதற்குக் கீழே தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கலக்கி, சேற்று பம்ப்பில் இழுத்தோம்.

இதில் ஒரு நுணுக்கம். பம்ப் ஓடும்போது கிணற்றுத் தண்ணீர் வற்றக் கூடாது. வற்றினால் சுற்றியிருக்கும் மணல் தண்ணீரோடு சேர்ந்து உள்ளே ஓடிவரும், நாம் அள்ள அள்ள பக்கத்து வீட்டுச் சுவருக்கு அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்த மாதம் நிலத்தடி நீர் 7 அடியில் இருந்தது. எடுத்த அளவுக்கு ஒரு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டே அந்த மட்டத்தை விடாமல் பிடித்து வைத்தோம். தண்ணீரை இழுத்துக்கொண்டே தண்ணீரை ஊற்றுகிறாரே என்று தெருவில் எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் கிடைத்தது.

அடி வந்துவிட்டதா என்று பார்க்க 12 எம்.எம். கம்பி ஒன்று, 20 அடி நீளம். சுத்தம் செய்வதற்கு முன்னால் கம்பியை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் தன் எடையிலேயே வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. இரண்டாம் நாள் மாலை, 14 அடியில் நறநறவென்று மணலில் குத்தி நின்றது. சுத்தியலால் ஐந்தாறு தட்டு தட்டினேன், ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. கிணற்றின் நடுவில் ஒன்று, ஓரத்தில் நாலு, ஐந்து இடத்திலும் குத்திப் பார்த்தபிறகுதான் ரெடிமிக்ஸுக்கு போன் போட்டேன்.

அங்கே ஒரு தமாஷ். "என்ன கிரேடு சார்?" என்றார் பிளான்ட்டில் இருந்தவர். கிரேடு கிடையாது, நான் அளவு சொல்கிறேன் என்றேன். கம்ப்யூட்டரில் கிரேடு போடாமல் வண்டி கிளம்பாது என்றார். கடைசியில் எம் 5 என்று பேருக்குப் போட்டுவிட்டு, அளவைக் கையால் ஏற்றினார்கள். ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 100 கிலோ, சாம்பல் 200 கிலோ, எம் சாண்ட் 1450 கிலோ, தண்ணீர் 280 லிட்டர். ஜல்லி கிடையாது. வழக்கமான கான்கிரீட்டில் இத்தனை தண்ணீர் விட்டால் அது குற்றம். இங்கே தண்ணீர்தான் கூலியாள், கலவையை மூலைக்கு மூலை சுமந்துகொண்டு போய்ச் சேர்த்துவிட்டுக் கழன்றுகொள்ளும். சாம்பலின் மணிகள் கண்ணுக்குத் தெரியாத கோலிக்குண்டுகள். அவை உருண்டு கொடுப்பதால்தான் மணல் அடியில் தங்காமல் கூடவே ஓடுகிறது. சாம்பலைக் குறைத்தால் மேலே தண்ணீர், கீழே மணல் என்று பிரிந்துவிடும்.

சாம்பல் என்றதும் இலவசமாகக் கிடைக்கும் குளத்துச் சாம்பலைக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வந்தார். அத்திப்பட்டு, எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சாம்பல் புதிதல்ல. ஆனால் புகைபோக்கிக்கு முன்னாலேயே பிடித்து சைலோவில் வரும் உலர் சாம்பல் வேறு, தண்ணீரில் கரைத்துக் குளத்தில் விட்டது வேறு. குளத்துச் சாம்பலின் ஈரமும் பருமனும் லாரிக்கு லாரி மாறும். இத்தனை சின்ன வேலையில் அதைச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது, வேண்டாம் என்றேன்.

வண்டி வந்ததும் டிரைவர் இறங்கி வந்து டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்ணி ஓவராயிடுச்சு, பிளான்ட்டுல தப்பு பண்ணிட்டாங்க, திருப்பி அனுப்பிடுங்க" என்றார் அக்கறையாக. மேஸ்திரி ஒரு கை அள்ளிப் பார்த்தார். "ஆடி மாசத்துக் கூழு சார் இது. முருங்கைக்கீரையும் கருவாடும்தான் குறைச்சல்." அன்றிலிருந்து எங்கள் சைட்டில் அதற்குப் பெயர் கூழ்.

கூழ் பதமா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூன்று அங்குல பிவிசி குழாயில் ஆறு அங்குலம் வெட்டிக்கொள்ளுங்கள். மட்டமான பிளைவுட்டில் நிறுத்தி, வழிய நிரப்பி, சட்டென்று நேராகத் தூக்குங்கள். தோசை மாவு போல வட்டமாகப் பரவும். குறுக்களவு 8 அங்குலத்துக்குக் குறையாமல் வர வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் தனியாகக் கசிந்து நிற்கக் கூடாது. எங்களுக்கு 9 அங்குலம் வந்தது, ஓரம் சுத்தமாக இருந்தது. டிரைவருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

ஊற்றுவதற்கு முன்னால் பாட்டி ஒரு நிபந்தனை வைத்தார். கிணற்றை மூடினால் அது மூச்சு விட ஒரு குழாய் வைக்க வேண்டும், வைக்காமல் மூடினால் வீட்டுக்கு ஆகாது. போன தடவை மாமியார் அப்படி வைக்காமல் மூடியதால்தான், என்று ஏதோ சொல்லவந்து நிறுத்திக்கொண்டார். நான் சண்டைக்குப் போகவில்லை. ஃபுட்டிங்குக்கு வெளியே வருகிற மாதிரி ஓரத்தில் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று மேடமும் சொன்னார். இரண்டு அங்குலக் குழாய், கூழ் உள்ளே ஏறாமலிருக்க அடியில் மூடி. எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு சொம்பு பால் எல்லாம் ஆனது.

கிணற்றில் தண்ணீர் நின்றது, அதை இறைக்கவும் கூடாது. பம்ப் ஹோஸின் வாயைக் கிணற்றின் அடிவரை இறக்கி, அங்கிருந்து கூழை விட ஆரம்பித்தோம். ஹோஸின் வாய் எப்போதும் கூழுக்குள்ளேயே முங்கியிருக்க வேண்டும். கூழ் கனமானது, அடியிலிருந்து ஏறிக்கொண்டே வரும். தண்ணீர் மேலே தள்ளப்படும். மேலிருந்து தண்ணீருக்குள் கொட்டினால் சிமென்டும் சாம்பலும் கரைந்து போய் வெறும் மணல்தான் மிஞ்சும். மேலே வந்த வெள்ளைத் தண்ணீரைச் சின்ன பம்ப் வைத்து ஒரு டேங்க்கில் பிடித்தோம். அது சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, காலில் பட்டால் புண்ணாகும். மழைநீர் வடிகாலில் விடுகிற சரக்கு இல்லை.

பாதி கிணறு நிறைந்தபோது பாட்டியின் குழாய் மெல்ல எழுந்து நின்றது. ஒரு அடி, இரண்டடி என்று யாரோ அடியிலிருந்து தள்ளுகிற மாதிரி மேலே வந்தது. சித்தாள் பெண் "அம்மா தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒரு வினாடி திக்கென்றுதான் இருந்தது. அப்புறம்தான் புத்தி வந்தது: அடி மூடிய காலிக் குழாய், சுற்றிலும் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு கனமான திரவம். மிதக்காமல் என்ன செய்யும்? இரண்டு மீட்டர் முங்கியிருந்தால் அந்த இரண்டு அங்குலக் குழாயை 12 கிலோ அளவுக்கு மேலே தள்ளும். நாலு அங்குலக் குழாயைப் படுக்கையாகப் போட்டிருந்தால் மீட்டருக்கு மீட்டர் 17, 18 கிலோ. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பாதி குறையும், முழுதாக நிற்காது. தண்ணீரை நிரப்பி, குறுக்கே ஒரு கம்பியை உறையின் துளைகளில் செருகி, குழாயை அதில் கட்டி அமுக்கினோம். இப்போதெல்லாம் கூழுக்குள் போகும் எந்தக் குழாயையும் முதல் நாளே கட்டிவைத்துவிடுகிறேன்.

கிணற்றுக்குக் கணக்குப்படி 2.4 கன மீட்டர் போதும். 2.9 பிடித்தது. உறைகளுக்குப் பின்னால் இருந்த பொந்துகளில் போயிருக்கும். சந்தோஷம்தான், அதற்காகத்தானே இதைத் தேர்ந்தெடுத்தது. மறுநாள் காலை பார்த்தால் மேல்மட்டம் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. தண்ணீர் கழன்று மணிகள் நெருங்கும்போது மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குவது இதன் சுபாவம், பதற வேண்டாம். கெட்டியான பிறகு இறங்காது.

இரண்டாம் நாள்தான் மாட்டினேன்.

சவுக்குக் கட்டையும் பலகையும் முட்டுக்கொடுத்து, பெரிய குழியை 70 சென்டிமீட்டருக்கு நிரப்ப வேண்டும். கணக்கு 4.4 கன மீட்டர், ஆர்டர் 5. வண்டி முழுதும் காலி. குழியில் அரையடி குறைகிறது. டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன். ஒன்றரை கன மீட்டர், அதாவது 3 டன் சரக்கு, காணவில்லை. பிளான்ட்டில் குறைத்து அனுப்பிவிட்டார்கள் என்று மேஸ்திரி போனை எடுத்தார். டிரைவர் எடைச் சீட்டைக் காட்டினார், சரியாக இருந்தது. இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் பின்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: "தம்பி, எங்க பாத்ரூம்ல தண்ணி போவ மாட்டேங்குது, நீங்க என்னமோ பண்ணீங்களா?"

அவர்கள் வீட்டில் பழைய செப்டிக் டேங்க் இருந்தது. பாதாளச் சாக்கடை வந்த பிறகும் அதை மூடாமல், அதன் வழியாகவே லைனுக்கு இணைப்புக் கொடுத்திருந்தார்கள். அதன் செங்கல் சுவர் எங்கள் குழியின் பலகைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி. எங்கோ ஒரு செங்கல் பெயர்ந்திருக்கிறது. முந்தின நாள் பொந்து தேடிப் போனதற்குப் பாராட்டினேனே, அதே குணம்தான். நல்ல பொந்து கெட்ட பொந்து என்று கூழுக்குத் தெரியாது. 70 சென்டிமீட்டர் ஆழக் கூழ் அடியில் சதுர மீட்டருக்கு 1.4 டன் அழுத்தத்தில் பக்கவாட்டில் தள்ளும். அதற்கு ஒரு செங்கல் ஓட்டை ஹைவே மாதிரி.

நல்ல வேளையாக அது கூழ், கான்கிரீட் இல்லை. ஒன்றரை மணி நேரமாகியும் கரைசலாகவே இருந்தது. கழிவுநீர் லாரியை வரவழைத்து, தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்ச வைத்தோம். என் டேங்க்குக்குள் இறுகிப்போனால் யார் பதில் சொல்வது என்று லாரிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று தடவை தண்ணீர் ஏற்றிக் கழுவிக் கொடுத்தோம். டேங்க்கின் அடியில் தங்கிய கொஞ்சம் அங்கேயே இறுகிவிட்டது, அது அதற்கு ஒரு புதுத் தளமாயிற்று. வெளியே போகும் பழைய பீங்கான் குழாய் பத்தடியை மறுநாள் தோண்டி மாற்றிக் கொடுத்தேன். எல்லாம் என் கைக்காசு. அந்த அக்காவுக்கு இரண்டு நாள் பாத்ரூம் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் வீட்டு ஆட்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில்தான் போய்க் குளித்தார்கள். அத்தனைக்கும் அவர்கள் போலீஸ் கீலீஸ் என்று போகாதது அவர்கள் பெருந்தன்மை.

இப்போது ஊற்றுவதற்கு முந்தின நாள் நான்கு பக்கத்து வீட்டிலும் கதவைத் தட்டி, சேம்பர் மூடிகளைத் திறந்து பார்க்கிறேன். குழியின் பக்கங்களில் கனமான பிளாஸ்டிக் தாள் விரிக்கிறேன். ஒரே மூச்சில் ஊற்றுவதில்லை. ஒரு அடி ஊற்றிவிட்டு அரை மணி நேரம் மட்டத்தைக் கவனிக்கிறேன். இறங்கினால் அங்கேயே நிறுத்தம். கணக்குக்கும் வண்டிக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கூழ் எங்கோ ஊர்வலம் போகிறது என்று அர்த்தம்.

மிச்ச அரையடியை மறுநாள் கையால் கலந்த பிசிசியால், அதாவது கம்பி இல்லாத கான்கிரீட்டால், நிரப்பினோம். மேலே வெள்ளையாகப் படிந்திருந்த மாவு போன்ற ஏட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் அதைப் போட்டது. எப்போது பாரம் ஏற்றலாம் என்பதற்கு அமெரிக்கர்கள் 14 கிலோ உருண்டை ஒன்றை ஒரே இடத்தில் ஐந்து முறை போட்டுப் பார்க்கிறார்கள். குழிவு 3 அங்குலத்துக்கு மேல் போனாலோ, மேலே தண்ணீர் பளபளத்தாலோ பொறுக்க வேண்டும். என்னிடம் உருண்டை இல்லை. மூன்றாம் நாள் குதிகாலால் ஓங்கி மிதித்தேன், தடம் விழவில்லை. கடப்பாரையை நட்டேன், ஒரு அங்குலம் இறங்கிச் சுண்ணாம்புக் கல் மாதிரி பொரிந்தது. நாலாம் நாள் கம்பி கட்டினோம். வலுவைச் சோதிக்க அச்சில் ஊற்றி எடுத்து வைத்த கூழ்க் கட்டிகள் 7 நாளில் 0.9 எம்.பி.ஏ., 28 நாளில் 2.1. கட்டிகளை மறுநாளே அச்சிலிருந்து கழற்றாதீர்கள். எனக்கு முதல் இரண்டு கட்டி கையிலேயே உதிர்ந்துவிட்டது.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். கன மீட்டர் விலை எம் 20ஐவிடக் கால்வாசி குறைவாக வந்தது. குறைந்த அளவுக்கு வண்டி வாடகை தனி என்பதால் அந்த லாபம் அங்கேயே போய்விட்டது. செப்டிக் டேங்க் கணக்கைச் சேர்த்தால் சொல்லவே வேண்டாம். கிணறும் இல்லாமல், பொந்தும் இல்லாமல், ஆள் இறங்கி நிற்க இடமுள்ள சாதாரணப் பள்ளமாக இருந்தால் நான் சாதா பிசிசியையோ, இடித்த கிராவலையோதான் போடுவேன். ஆள் இறங்க முடியாத, இடிக்க முடியாத இடத்துக்குத்தான் கூழ்.

இந்த வீட்டைப் பார்த்துவிட்டு வியாசர்பாடியில் கால்வாயை ஒட்டிய மனைக்காரர் ஒருவர் வந்தார். அங்கே மண் அறிக்கையில் 5 மீட்டருக்கு மெத்தென்ற களிமண். எனக்கும் அதே கூழை ஒரு மீட்டர் ஊற்றிவிடுங்கள் என்றார். களிமண்ணில் ஒரு மீட்டரை வெட்டியெடுத்து அதைவிடக் கனமானதை ஊற்றினால், வீடு கட்டும் முன்பே கீழே இருக்கும் களிக்கு உபரிச் சுமை. ஃபுட்டிங்கின் பாரம் அதன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழத்துக்கு மண்ணைத் தொடும். ஒரு மீட்டர் கூழைத் தாண்டி நாலு மீட்டர் களி வருடக்கணக்கில் மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும். பைல் போடுங்கள் என்றேன். காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார், அப்புறம் வரவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். தண்டையார்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயைப் பிடித்து ஒன்பது தூணிலும் பிளிந்த் மட்டத்தை, அதாவது தரைத்தள உயரத்தை, பார்த்தோம். கட்டும்போது போட்ட சிவப்புக் கோடுகளுக்கும் குழாய்த் தண்ணீருக்கும் ஒரு தூணிலும் வித்தியாசம் தெரியவில்லை. அந்த நடுத்தூணுக்குப் பக்கத்தில் இப்போது வாஷிங் மெஷின் நிற்கிறது. அதன் பின்னால் சுவரோரம் இரண்டு அங்குலக் குழாய் ஒரு ஜாண் நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலே சின்ன மூடி. மூடியில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை.